கட்டிக்கிடக்கும் படகில் பேட்டரி என்ன செய்கிறது?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தமிழகத்தின் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன்கள் இனம் பெருக்க விடப்படும் 61 நாள் தடைக்காலம் அது. காசிமேட்டிலும் நாகையிலும் ராமேசுவரத்திலும் படகுகள் வரிசையாகக் கட்டிக்கிடக்கும். சிலவற்றைக் கரையேற்றிப் பலகை மாற்றுவார்கள், பெயின்ட் அடிப்பார்கள், எஞ்சினைப் பிரித்து மாட்டுவார்கள். தடை முடிந்ததும் ஐஸ் ஏற்றி, டீசல் நிரப்பி, ஆட்கள் ஏறிய பிறகு சாவியைத் திருப்பினால், சில படகுகளில் செல்ஃப் 'டக்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு அடங்கிவிடும். பேட்டரி இறங்கிவிட்டது.

கட்டும்போது அது நிறைய சார்ஜில் இருந்தது. இரண்டு மாதமாக யாரும் தொடவில்லை, ஒரு பல்புகூட எரியவில்லை. அப்படியானால் உள்ளே இருந்தது எங்கே போயிற்று? இன்னொன்றும் விளங்குவதில்லை. கடையில் கொடுத்து ஒரு நாள் முழுக்க சார்ஜ் ஏற்றி வந்தாலும் பழைய தெம்பு ஏன் திரும்புவதில்லை? ஓடியே தேயாத ஒரு பொருள், ஓடாமல் கிடந்து எப்படித் தேய்ந்தது?

விடை தெரிய வேண்டுமானால் பெட்டிக்குள் பார்க்க வேண்டும். 12 வோல்ட் பேட்டரியில் ஆறு அறைகள் இருக்கின்றன. ஒவ்வோர் அறையும் ஒரு தனி மின்கலம். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2.1 வோல்ட் தரும். ஆறும் வரிசையாக இணையும்போது 12.6, 12.7 வோல்ட் கிடைக்கிறது. ஒவ்வோர் அறையிலும் இரண்டு வகைத் தகடுகள் மாறி மாறி நிற்கின்றன. நேர்த்தகட்டில் கரும்பழுப்பு நிற ஈய டை ஆக்சைடு. எதிர்த்தகட்டில் சாம்பல் நிறத்தில், கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்த ஈயம். இரண்டையும் சுற்றி நீர்த்த கந்தக அமிலம். 1859-ல் பிரெஞ்சுக்காரர் காஸ்தோன் பிளாந்தே இரண்டு ஈயத் தகடுகளைச் சுருட்டி அமிலத்தில் இறக்கிச் செய்த கலத்தின் வழித்தோன்றல்தான் இன்றைய பேட்டரி. 1881-ல் காமில் ஃபோர் என்பவர் ஈயச் சேர்மத்தைக் குழைத்துத் தகட்டில் பூசும் முறையைக் கொண்டுவந்தார். அதற்குப் பிறகு அடிப்படை மாறவில்லை.

இதற்குள் மின்சாரம் எதுவும் சேமிக்கப்படவில்லை. இருப்பது இரண்டு தகடுகளும் அமிலத்தோடு சேரத் துடிக்கும் வேட்கை மட்டுமே. செல்ஃப் மோட்டாரை இணைத்ததும் இரண்டு தகடுகளும் அமிலத்திலிருந்து சல்பேட்டை எடுத்துக்கொண்டு ஒரே பொருளாக மாறத் தொடங்குகின்றன. அதுதான் ஈய சல்பேட் என்னும் வெண்ணிறப் படிகம். அந்த மாற்றத்தின்போது மின்துகள்கள் வெளிச்சுற்று வழியாக ஓடுகின்றன. சார்ஜ் ஏற்றும்போது நாம் மின்சாரத்தைத் திருப்பிச் செலுத்தி, சல்பேட்டைப் பழையபடி ஈயமாகவும் ஈய டை ஆக்சைடாகவும் மாற்றுகிறோம். சல்பேட் மீண்டும் அமிலத்துக்குப் போகிறது.

நேரும் எதிருமான இரண்டு தகடுகளிலும் ஒரே பொருள் உண்டாகிறது என்பது முதலில் வினோதமாகத்தான் தோன்றியது. 1882-ல் கிளாட்ஸ்டன், டிரைப் என்ற இரண்டு ஆங்கிலேய வேதியியலாளர்கள் இதைச் சொன்னார்கள். சோதித்துப் பார்க்கும் வழி அந்தத் திரவத்திலேயே இருந்தது. அவர்கள் சொல்வது சரியென்றால், பேட்டரி இறங்க இறங்க அமிலம் குறைந்து தண்ணீர் கூட வேண்டும். திரவம் லேசாக வேண்டும். அப்படியேதான் ஆகிறது. நிறைய சார்ஜில் இருக்கும் திரவம் அதே அளவு தண்ணீரைப்போல் 1.26 மடங்கு கனம்; முழுதாக இறங்கிய பிறகு ஏறத்தாழ 1.12 மடங்குதான். இதற்கு ஒப்படர்த்தி என்று பெயர்.

பேட்டரிக் கடைக்காரர் மேசையில் கிடக்கும் ஹைட்ரோமீட்டர் அளப்பது இதைத்தான். கண்ணாடிக் குழாயின் மேலே ஒரு ரப்பர் குமிழ், உள்ளே எண் பொறித்த மிதவை. குமிழை அமுக்கி விட்டு அமிலத்தை உறிஞ்சினால் மிதவை எழும்பி ஓர் இடத்தில் நிற்கும். சார்ஜ் நிறைந்திருந்தால் உயரே நிற்கும், இறங்கியிருந்தால் அமிழும். என் கணிப்பில், மூடி திறக்கிற வகைப் பேட்டரிக்கு இதைவிட நேர்மையான கருவி இல்லை. வோல்ட் மீட்டர் ஆறு அறைகளின் கூட்டுத்தொகையை மட்டுமே காட்டும். ஹைட்ரோமீட்டரோ ஒவ்வோர் அறையையும் தனித்தனியே விசாரிக்கும். ஐந்து அறைகள் 1.25 காட்டி, ஆறாவது 1.18-ல் நின்றால், நோய் எந்த அறையில் என்பது அப்போதே தெரிந்துவிடும்.

தெம்பு திரும்பாமல் போவதற்குக் காரணமும் அந்த வெண்ணிறப் படிகம்தான். அப்போதுதான் உண்டான ஈய சல்பேட் மாவாக, மிக நுண்ணிய மணிகளாகத் தகட்டில் இருக்கும். உடனே சார்ஜ் போட்டால் அத்தனையும் கரைந்து மாறிவிடும். வாரக்கணக்கில் விட்டுவைத்தாலோ, சின்ன மணிகள் கரைந்து பெரிய மணிகளின் மேல் படிகின்றன. பெரியது மேலும் பெரிதாகிறது. சர்க்கரைப் பாகை அசைக்காமல் பல நாள் விட்டுவைத்தால் நூலில் கற்கண்டு விளைகிறதே, அதே வகை நிகழ்ச்சி. சர்க்கரை நாக்கில் பட்டதும் கரையும், கற்கண்டைக் கடித்து உடைக்க வேண்டும். பெரிய சல்பேட் படிகமும் அப்படித்தான். மின்சாரம் கடத்தாத அதன் உட்பகுதியைச் சார்ஜரால் எட்ட முடிவதில்லை. அந்த அளவுக்குத் தகடு பேட்டரியின் கணக்கிலிருந்தே கழிந்துவிடுகிறது. மின்னணு நுண்நோக்கியில் பார்த்தால், நல்ல தகட்டில் மாவாகத் தெரியும் பரப்பு, கிடையில் கிடந்த தகட்டில் முனை கூரான கட்டிகளாக மாறியிருப்பது தெளிவாகத் தெரியும். இதைச் சல்பேட் இறுகல் எனலாம்.

ஆனால் யாரும் பயன்படுத்தாதபோது சல்பேட் எங்கிருந்து வந்தது? இந்தப் பேட்டரியின் ஆகப் பெரிய வியப்பு இங்கேதான் இருக்கிறது. தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்க, கணக்குப்படி 1.23 வோல்ட் போதும். ஈய அமிலக் கலத்தின் அழுத்தமோ 2.1 வோல்ட். நியாயப்படி அது உண்டான உடனேயே தன் வயிற்றிலுள்ள தண்ணீரைத் தானே பிரித்துத் தீர்த்து இறங்கிவிட வேண்டும். அப்படி நடக்காததற்குக் காரணம், ஈயத்தின் பரப்பில் ஹைட்ரஜன் குமிழி உருவாவது மிக மிக மெதுவான வேலை. அந்த மந்தத்தை நம்பித்தான் உலகத்தின் அத்தனை வண்டிகளும் படகுகளும் செல்ஃப் அடிக்கின்றன.

மந்தம்தானே தவிர, அது நிற்பதில்லை. படகு கட்டிக்கிடக்கும் ஒவ்வொரு மணி நேரமும் எதிர்த்தகட்டு ஈயம் கொஞ்சம் கொஞ்சமாக அமிலத்தோடு சேர்ந்து சல்பேட்டாகிறது. நேர்த்தகட்டிலும் அதன் போக்கில் ஒரு கசிவு நடக்கிறது. இதுதான் தன்னிறக்கம். தகட்டின் சட்டத்தை உறுதியாக்க ஆன்டிமனி கலந்த பழைய வகைப் பேட்டரி 25 டிகிரி வெப்பத்தில் மாதத்துக்குச் சுமார் 5 சதவீதம் இழக்கும். வெப்பம் 10 டிகிரி கூடினால் இந்த வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும். சித்திரை, வைகாசி வெயிலில் மூடிக்கிடக்கும் எஞ்சின் ரூமில் 35 டிகிரி சாதாரணம். ஆக இரண்டு மாதத்தில் ஐந்தில் ஒரு பங்கு தானாகவே போய்விடும். கால்சியம் கலந்த புதிய வகைகளில் இழப்பு இதைவிடக் குறைவு.

டிஸ்டில்டு வாட்டர் தவிர வேறு தண்ணீர் ஊற்றக் கூடாது என்பதற்கும் இதே காரணம்தான். அடிகுழாய்த் தண்ணீரில் இரும்பு இருக்கும், கரையோரத் தண்ணீரில் குளோரைடு இருக்கும். இரும்பு, மந்தமாக நடக்கும் தன்னிறக்கத்தைச் சுறுசுறுப்பாக்கிவிடும். குளோரைடு தகட்டின் சட்டத்தை அரிக்கும். ஒரு முறை ஊற்றிவிட்டால் திரும்ப எடுக்க வழியில்லை. அமிலம் ஊற்றுவதும் தவறு. வெயிலிலும் சார்ஜிலும் குறைவது தண்ணீர் மட்டுமே. அமிலம் உள்ளேயேதான் இருக்கிறது. தகடு வெளியே தெரிந்தால் முதலில் அது மூழ்கும் அளவு மட்டும் ஊற்றி, சார்ஜ் முடிந்த பிறகு குறி வரை நிரப்ப வேண்டும். முன்பே நிரப்பிவிட்டால் சார்ஜில் திரவம் உயர்ந்து மூடி வழியாக வழியும்.

ஐந்தில் ஒரு பங்கு போனாலும் எஞ்சின் எடுத்திருக்க வேண்டுமே என்று கேட்கலாம். எடுத்திருக்கும், வேறு திருடர்கள் இல்லாதிருந்தால். வயர்லெஸ், ஜி.பி.எஸ்., கண்காணிப்புக் கருவி இவற்றில் ஏதேனும் ஒன்று பேட்டரியோடு நேராக இணைந்திருந்து, தயார் நிலையில் 50 மில்லி ஆம்பியர் மட்டும் குடிப்பதாகக் கொள்வோம். ஒரு சின்ன எல்.இ.டி. விளக்குகூட அதற்கு மேல் எடுக்கும். 0.05 ஆம்பியர், 24 மணி, 61 நாள். பெருக்கினால் 73 ஆம்பியர் மணி. 100 ஆம்பியர் மணிப் பேட்டரியில் முக்கால்வாசி காலி.

இன்னொரு திருடன் பேட்டரியின் தலையிலேயே உட்கார்ந்திருக்கிறான். உப்புக்காற்றும் அமிலப் புகையும் தூசியும் சேர்ந்து மூடிப்பரப்பில் ஓர் ஈரப் படலம் படியும். நேர் முனைக்கும் எதிர் முனைக்கும் நடுவே அது மெல்லிய மின்பாதையாகிவிடும். மல்டிமீட்டரின் கறுப்பு முனையை எதிர் டெர்மினலில் வைத்து, சிவப்பு முனையை மூடியின் பிளாஸ்டிக்கில் அங்கங்கே தொட்டுப் பாருங்கள். வெறும் பிளாஸ்டிக்கில் எண் எதுவும் நிற்கக் கூடாது. அழுக்கான பேட்டரியில் ஒரு வோல்ட், மூன்று வோல்ட் என்று மீட்டர் காட்டும்; நேர் முனையை நெருங்க நெருங்க எண் ஏறும். ஆப்பசோடா கரைத்த தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்தால் அமிலம் நுரைத்து அடங்கும். மூடிகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டே துடைக்க வேண்டும். சோடா உள்ளே போனால் அங்குள்ள அமிலத்தையும் முறித்துவிடும். காய்ந்த பிறகு அதே சோதனையைச் செய்தால் எண் மறைந்திருக்கும். டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளை, பச்சைப் பொடியைத் தேய்த்து எடுத்து, கிளாம்பை இறுக்கி, மேலே வாசலின் தடவினால் அடுத்த பருவம் வரை தாங்கும்.

ஆகவே தடைக்காலத்துக்குப் படகைக் கட்டும்போது பேட்டரியை முழுக்க சார்ஜ் செய்து, எதிர் முனைக் கம்பியைக் கழற்றிவிட வேண்டும். சில மணி நேரம் ஓய்வில் விட்ட பிறகு அளந்தால் 12.7 நிறைவு, 12.4 முக்கால், 12.2 பாதி, 12.0 கால்வாசி. 12.4-க்கு இறங்கியதும் மறுபடி சார்ஜ் தேவை. இரண்டு மாதத்தில் ஓரிரு முறை செய்தால் போதும். வசதி இருந்தால், சார்ஜ் கன்ட்ரோலரோடு ஒரு 10 வாட் சோலார் தகட்டை வீல் ஹவுஸ் கூரையில் கட்டிவிடலாம். அது நாளொன்றுக்குத் தரும் இரண்டு ஆம்பியர் மணி, தன்னிறக்கத்தை ஈடுகட்டி மிஞ்சும். பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோகிறவர்கள் சிமென்ட் தரையில் வைக்கத் தயங்குவதுண்டு. இன்றைய பிளாஸ்டிக் பெட்டிக்கு அந்தப் பயம் வேண்டாம். வெயில் படாத, காற்றோட்டமான இடமா என்பதே முக்கியம்.

கடலில் இருக்கும்போது வேறொரு தொல்லை. செல்ஃப் அடிக்கும் பேட்டரியில் மெல்லிய தகடுகள் நிறைய இருக்கும். சில நொடிகளுக்குப் பெரிய மின்னோட்டம் தருவதற்காகச் செய்தவை. நங்கூரம் போட்டு, எஞ்சினை நிறுத்தி, இரவெல்லாம் அதிலேயே விளக்கெரித்தால் தகட்டுப் பூச்சு உதிரும். வீட்டு இன்வெர்ட்டரில் இருக்கும் டியூபுலர் வகை தடித்த தகடு கொண்டது, ஆழமாக இறங்கி ஏறத் தக்கது. விளக்குக்கும் கருவிகளுக்கும் அது ஒன்று, செல்ஃபுக்கு மட்டும் இன்னொன்று என்று பிரித்து வைப்பதே சரி. நடுக்கடலில் எஞ்சின் எடுக்காமல் போவதன் விலையோடு பார்த்தால் இரண்டாவது பேட்டரியின் விலை ஒன்றுமில்லை.

இனி ஆபத்தின் பக்கம். சார்ஜ் நிறைய நிறைய மாற்றுவதற்குச் சல்பேட் மிச்சமிருக்காது. உள்ளே வரும் மின்சாரம் தண்ணீரைப் பிரிக்கத் தொடங்கும். 12 வோல்ட் பேட்டரியில் இது சுமார் 14.4 வோல்ட்டில் மும்முரமாகும். காதை வைத்துக் கேட்டால் அறைகளுக்குள் சலசலப்பு கேட்கும். தானாக நிற்காத பழைய சார்ஜர், நிறைந்துவிட்ட பேட்டரிக்குள் 10 ஆம்பியரைத் தொடர்ந்து செலுத்தினால், ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 25 லிட்டர் ஹைட்ரஜன் வெளிவரும். காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் இருந்தாலே தீப்பிடிக்கும். எட்டு மணி நேரத்தில் வெளிவருவது 200 லிட்டர். 5 கன மீட்டர் காற்றை வெடிக்கத் தயாராக்க அது போதும். மூடிய எஞ்சின் ரூமில் காலியாக இருக்கும் இடமே அவ்வளவுதான். ஹைட்ரஜனுக்கு நிறமில்லை, மணமில்லை. காற்றைவிட 14 மடங்கு லேசானது என்பதால் மேல்தட்டின் அடியில் போய்த் தேங்கும். அதனால்தான் பேட்டரிப் பெட்டிக்குக் காற்றுத்துளை உச்சியில் இருக்க வேண்டும் என்கிறார்கள்.

நீர்மூழ்கிக் கப்பல்காரர்களுக்கு இது நூறாண்டு கால அனுபவம். 2010 பிப்ரவரியில் விசாகப்பட்டினத்தில் ஐ.என்.எஸ். சிந்துரக்‌ஷக் கப்பலின் பேட்டரி அறையில் தீப்பிடித்து ஒரு மாலுமி இறந்தார். பழுதான பேட்டரி வால்வில் கசிந்த ஹைட்ரஜனே காரணம் என்று கடற்படை தெரிவித்தது. பயிற்சியும் கருவிகளும் நிறைந்த இடத்தில் நடந்தது அது.

ஹைட்ரஜனைப் பற்றவைக்க மிகச் சிறிய பொறி போதும். கம்பளியைக் கழற்றும்போது உடம்பில் சிலிர்க்கும் நிலைமின் பொறியே அதிகம். பேட்டரி வேலையில் பொறி பறக்கும் தருணம் கிளாம்பை மாட்டும்போதும் கழற்றும்போதும்தான். ஆகவே சார்ஜரின் சுவிட்சை அணைத்த பிறகே கிளாம்பைத் தொட வேண்டும். பக்கத்துப் படகின் பேட்டரியிலிருந்து கம்பி இழுத்து எஞ்சினைக் கிளப்பும்போது, கடைசிக் கிளாம்பை இறங்கிய பேட்டரியின் எதிர் முனையில் மாட்டாமல், தள்ளியிருக்கும் எஞ்சின் இரும்பில் மாட்டச் சொல்வது, பறக்கும் பொறி வாயுவிலிருந்து தூரத்தில் பறக்கட்டும் என்றுதான். வெடித்தால் பறப்பது பிளாஸ்டிக் மட்டுமன்று, அமிலமும்தான். கண்ணாடி அணியாமல் பேட்டரியின் மேல் குனியவே கூடாது. கண்ணில் பட்டால் நல்ல தண்ணீரில் பதினைந்து நிமிடமாவது விடாமல் கழுவிய பிறகே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.

கழற்றும்போது எதிர் முனை முதலில், மாட்டும்போது எதிர் முனை கடைசியில். பல பேருக்கு இந்த வரிசை தெரியும், காரணம் தெரியாது. படகின் எஞ்சின் இரும்பு முழுவதும் எதிர் முனையோடு இணைந்திருக்கிறது. எதிர் முனை மாட்டியிருக்கும்போது நேர் முனையில் ஸ்பேனர் போட்டால், அதன் மறுமுனை எஞ்சினில் எங்கே பட்டாலும் ஷார்ட். எதிர் முனையை முதலில் கழற்றிவிட்டால் ஸ்பேனர் எங்கே பட்டாலும் சுற்று முழுமையடையாது. 12 வோல்ட் உடம்பில் ஷாக் அடிக்காது என்ற நம்பிக்கை சரிதான். ஆனால் பேட்டரியின் உள்தடை மிகக் குறைவு என்பதால் ஷார்ட்டில் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும். ஸ்பேனர் செக்கச் சிவக்கும். விரலில் மோதிரம் இருந்து அது நடுவே மாட்டினால் எலும்பு வரை சுடும். மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி வைக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. எஞ்சின் ஓடும்போது மட்டும் எந்த முனையையும் கழற்றக் கூடாது. ஆல்டர்னேட்டரின் டயோடுகள் புகைந்துவிடும்.

கடல்நீர் புகுந்தால் என்ன ஆகும் என்பதற்கு அர்ஜென்டினாவின் சான் குவான் நீர்மூழ்கி துயரமான சான்று. 2017 நவம்பரில் காற்றுக்குழாய் வழியாகப் புகுந்த கடல்நீர் பேட்டரி அறையை எட்டி ஷார்ட் ஆகித் தீப்பிடித்தது என்பது அது அனுப்பிய தகவல். அதன் பிறகு கப்பல் திரும்பவில்லை. 44 பேரும் மாண்டார்கள். உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். அதோடு, நேர்த்தகட்டில் படும் குளோரைடு குளோரின் வாயுவாக வெளியேறும். படகு தண்ணீர் வாங்கி, எஞ்சின் ரூமில் பிளீச்சிங் பவுடர் வாடை அடித்தால் உள்ளே இறங்காமல், மேல்மூடிகளைத் திறந்து காற்று புகவிட வேண்டும். பேட்டரியைப் பள்ளத்தில் வைக்காமல் உயரத்தில், அமிலம் அரிக்காத பெட்டிக்குள், அலையில் ஓர் அங்குலத்துக்கு மேல் நகராதபடி வாரால் கட்டி வைப்பதற்கான நியாயம் இதுதான்.

செத்த பேட்டரியிலிருந்து அமிலத்தைத் துறைமுகத் தண்ணீரில் கொட்டிவிட்டு எடைக்குப் போடுவது இன்னும் நடக்கிறது. அந்த அமிலத்தோடு ஈயமும் போகிறது. ஈயம் மக்குவதில்லை; குழந்தைகளின் மூளையைத் தாக்கும் நஞ்சு அது. 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகள், பழைய பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர்களின் மேல் வைக்கின்றன. அமிலத்தோடு அப்படியே, கவிழாமல் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தால் புதியதன் விலையிலும் கழிவு கிடைக்கும்.

லித்தியம் பேட்டரியும் இப்போது நீருக்கு வந்துவிட்டது. கேரளத்தில் வைக்கம், தவணக்கடவு இடையே 2017 முதல் ஓடும் ஆதித்யா சூரியப் படகு அதில்தான் ஓடுகிறது. அங்கே விதிகள் பல தலைகீழ். சல்பேட் இறுகல் என்ற நோய் அதற்கு இல்லை. நீண்ட நாள் நிறைய சார்ஜில், அதிலும் வெயிலில் இருப்பதுதான் அதற்கு ஆகாது. ஈய அமிலத்துக்கு உரிய சார்ஜரை அதில் மாட்டவும் கூடாது. ஒரே படகில் இரண்டு வகையும் இருந்தால், ஏப்ரலில் கட்டும்போது ஈயத்தை முழுக்க நிறைத்தும் லித்தியத்தைப் பாதியில் நிறுத்தியும் வைக்க வேண்டும்.